உள்ளூர்க்காரர்கள் போகும் இடம்

ஊருக்கு வர ஒரு வாரம் இருக்கும்போதே மைத்துனன் செய்தி அனுப்பிவிட்டான். ‘அத்தான், டூரிஸ்ட் போற இடம் எதுவும் எனக்கு வேண்டாம். மணிக்கூண்டு, மியூசியம் எல்லாம் போட்டோவுலயே பார்த்தாச்சு. நீங்களும் அக்காவும் எங்க சாப்பிடுவீங்களோ, எங்க சுத்துவீங்களோ, அங்க கூட்டிட்டுப் போங்க. உள்ளூர்க்காரங்க போற இடம். அது போதும்.’

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு எடுத்து இன்னொரு தடவை படித்தார். அதில் மாற்றம் எதுவும் இல்லை.

“நாம எங்க போவோம்?” என்று மனைவியைக் கேட்டார்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களின் மூக்கை உற்றுப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தாள்.

“பல் டாக்டர்கிட்ட போனோம்” என்றாள்.

“அங்க அவனைக் கூட்டிட்டுப் போக முடியாது.”

“உங்க ஆபீஸ்காரர் பொண்ணு கல்யாணத்துக்குப் போனோம்.”

“அந்தப் பொண்ணோட குழந்தை இப்ப பள்ளிக்கூடம் போகுது.”

இன்ஸ்பெக்டர் அந்த நகரத்தின் உயரமான கட்டடம் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கியவர். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் லிஃப்ட் ஓடும் குழியும் மொட்டைமாடி மோட்டார் அறையும்தான். கடல் தெரியும் என்று விளம்பரம் செய்த ஹோட்டலுக்கு வருஷா வருஷம் போய் வந்திருக்கிறார். எந்தப் பக்கம் கடல் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

“என் தம்பி முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சிடாதீங்க” என்றாள் மனைவி. “இங்க நாம நல்லா வாழறோம்னு நான் சொல்லி வச்சிருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். “மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. சமையல் கீழே, சாப்பிடறது மேலே. உள்ள நுழைஞ்சதும் அப்படி ஒரு வாசனை.”

“சாப்பிட்டிருக்கீங்களா?”

“டியூட்டில எப்படிச் சாப்பிடறது? லிஃப்ட் பார்க்கப் போனேன்.”

“போதும். அங்கதான் நாம ஞாயித்துக்கிழமை தவறாம போறோம்” என்று முடிவு கட்டினாள்.

மைத்துனன் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தான். பெட்டியை வைத்ததும் முதல் வேலையாக, உள்ளூர்க்காரர்கள் தங்குகிற மாதிரி ஏதாவது சின்ன விடுதி இருக்கிறதா என்று கேட்டான்.

“உள்ளூர்க்காரங்க எங்கடா தங்குவாங்க? வீட்டுலதான்” என்றாள் அக்கா. சோபாவில் போர்வையை விரித்தாள். சோபா அவன் முழங்காலோடு முடிந்துவிட்டது. மிச்சக் காலுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. இதுவும் ஒரு அனுபவம்தான் என்று அவன் மறுநாள் காலையில் சொன்னான். சொல்லும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர் தினமும் வருகிறவர் போல நேராகப் போய் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தார். அது வேறொரு வாடிக்கையாளர் கை கழுவப் போயிருந்த மேசை. எழுந்து வேறு மேசைக்கு வந்தார்கள்.

கடைக்காரம்மா வந்தாள். உயரமான பெண்மணி, முகமெல்லாம் வேர்த்திருந்தது. இன்ஸ்பெக்டர் வீட்டில் பழகி வந்ததை அப்படியே சொன்னார்:

“எங்களுக்கு எப்பவும் போல.”

கடைக்காரம்மா அவரை உற்றுப் பார்த்தாள். அவருக்கு ஒரு விஷயம் அந்த நிமிஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கீழே சமையலறையிலிருந்து தட்டுகளை மேலே அனுப்ப இந்தக் கடையில் ஒரு குட்டி லிஃப்ட் உண்டு. முன்பு வந்தபோது அதன் கம்பிக் கயிறு பிரிந்திருந்ததால் அவர்தான் அதற்கு சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“அப்படியே கொண்டு வரேன் சார்” என்றாள் கடைக்காரம்மா.

வந்ததைப் பார்த்து மைத்துனன் மலைத்துப்போனான். சூப், வறுத்த மீன், சுடச்சுட ரொட்டி, முழுசாக ஒரு கோழி, யாரும் கேட்காத பழத் தட்டு. பக்கத்து மேசைக்காரர்கள் தாங்கள் கேட்ட சூப் எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள்.

“அத்தான், இது என்ன ராஜ உபசாரம்! இவ்வளவு பழக்கமா?”

“கொஞ்சம் பழக்கம்” என்றார் இன்ஸ்பெக்டர். சூப்பில் கை வைக்கவில்லை.

“சாப்பிடுங்க” என்று மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

“முடியாது. இவங்க லிஃப்ட்டை மூடினது நான்தான்.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைத்துனனுக்குக் காது கூர்மை. “அப்ப நீங்க இங்க எப்பவும் வர்றதில்லையா?”

“ஒரு தடவை வந்திருக்கேன். மூடறதுக்கு.”

மனைவி ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தாள். முகம் மட்டும் சிவந்தது. “நாங்க எங்கயும் போறதில்லைடா” என்றாள். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

மைத்துனன் மீனைப் பார்த்தான். அதற்குள் கடைக்காரம்மா வந்து இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றாள்.

“சார், கயிறு புதுசு போட்டு மூணு வாரம் ஆச்சு. யாரும் வந்து பார்க்கலை. எப்ப தொறந்து விடுவீங்க?”

“வரிசைப்படி வருவாங்கம்மா. இன்னைக்கு எனக்கு லீவு. லீவு நாள்ல நான் லிஃப்ட்டைத் தொடக் கூடாது. இதையும் நான் சாப்பிடக் கூடாது. தப்பா நினைக்காதீங்க.”

“நான் லஞ்சம் கொடுக்கலை சார். எப்பவும் போலன்னு கேட்டீங்க. எது எப்பவும்னு எனக்குத் தெரியலை, எல்லாத்தையும் கொண்டு வந்துட்டேன்.”

அப்போது படிக்கட்டுப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. பரிமாறுகிறவர் வெறும் சூப் தட்டோடு கடைசிப் படியில் விழுந்து உட்கார்ந்திருந்தார். சூப் அவருக்கு முன்னாலேயே மேலே வந்து சேர்ந்துவிட்டது. வயதானவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று எல்லோரிடமும் சொன்னார். எழுந்திருக்க மட்டும் வரவில்லை.

கடைக்காரம்மா ஓடினாள். இன்ஸ்பெக்டரின் மனைவி கைக்குட்டையை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தாள்.

“டேய், எழுந்திரு” என்றாள் தம்பியிடம்.

“எதுக்குக்கா?”

“உள்ளூர்க்காரங்க என்ன செய்வாங்கன்னு பார்க்க வந்தியே, எழுந்திரு.”

அக்கா சொன்னால் அவன் சின்ன வயதிலிருந்தே கேட்பான். வெளிநாட்டில் ஐம்பது பேருக்கு மேலாளராக இருப்பதால் அதில் எந்த மாற்றமும் வந்துவிடவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தட்டு எடுத்து வரக் கீழே போனான். தொடாத கோழியையும் மீனையும் அக்கா வேறு மேசைக்காரர்களுக்குக் கொண்டுபோய் வைத்தாள். அவர்கள் தாங்கள் கேட்டது அதுவல்ல என்றார்கள். அவள் கண்ணாடிக் கடையில் பேசுகிற குரலில், “இது உங்களுக்கு நல்லாப் பொருந்தும்” என்றாள். அவர்களும் சாப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் லீவு நாளில் லிஃப்ட்டைத் தொடக்கூடாது. தட்டைத் தொடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. எழுந்து அவரும் கீழே இறங்கினார்.

படிகள் குறுகலானவை, நடுவில் ஒரு திருப்பம். முதல் நடையில் மைத்துனனும் அவரும் திருப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். யார் வழி விடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிறகு மேலே வருகிறவர் குரல் கொடுப்பது என்று ஏற்பாடானது. மைத்துனன் “சூடு, சூடு” என்று கத்தினான். இன்ஸ்பெக்டருக்குக் கத்திப் பழக்கமில்லை. திருப்பம் வந்ததும் தொண்டையைச் செருமினார். சமையற்காரர் அவருக்கு ஏதோ சளி என்று நினைத்து ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார்.

கூட்டம் வடிந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டரின் முழங்கால் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. தான் சீல் வைத்த அந்தச் சின்னக் கதவைக் கீழே போகும்போதும் வரும்போதும் பார்த்தார். வைத்தது சரிதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சீல் வைத்துவிட்டுப் போன இடங்களில் அதற்கப்புறம் யார் படியேறுகிறார்கள் என்று அதுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

கடைக்காரம்மா எல்லோரையும் கீழே சமையலறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மிஞ்சிய ரொட்டி, அடிப்பிடித்த சூப், முட்டை. பரிமாறுகிறவர் காலைப் பெட்டிமேல் நீட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

“இது உபசாரமா, கூலியா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“கூலி சார். அதுவும் குறைச்சல்தான்.”

அப்புறம்தான் அவர் சாப்பிட்டார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மனைவி அவர் பக்கம் ரொட்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மைத்துனன் போட்டோ எடுக்க மறந்துபோனான். கை எண்ணெயாக இருந்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனதும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அந்தக் கடையை ஒப்படைத்தார்.

“உங்க ஏரியாதானே, நீங்களே போகலாமே” என்றார் அவர்.

“நான் அங்க தட்டு தூக்கியிருக்கேன். அந்த லிஃப்ட் ஓடணும்னு எனக்கே ஆசையா இருக்கு. நான் பார்த்தா சரியா இருக்காது.”

பக்கத்து நாற்காலிக்காரர் போனார், கறாரான மனிதர். கயிறு நன்றாக இருக்கிறது, ஆனால் கதவின் கொக்கி தளர்வு என்று சொல்லி, சீலை எடுக்காமல் வந்துவிட்டார். கடைக்காரம்மா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, “தெரிஞ்சவரை வச்சுக்கிட்டும் இந்தக் கதிதானா?” என்றாள். “ஆமாம்மா” என்றார் அவர். கொக்கி மாற்றினார்கள். வியாழக்கிழமை லிஃப்ட் ஓடியது.

மைத்துனன் ஊருக்குத் திரும்பும்வரை தினமும் மதியம் அந்தக் கடைக்குத்தான் போனான். புதன்கிழமைவரை தட்டு தூக்கினான். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் போரடிக்கிறது என்று அக்காவிடம் சொன்னான். மணிக்கூண்டையும் ஒருநாள் பார்த்துவிட்டு வந்தான். நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

அவன் போன மறு ஞாயிறு மனைவி வெளியே போகிற புடவையில் வந்து நின்றாள்.

“அந்தக் கடைக்கா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இல்லை. கண்ணாடி வாங்க வந்த ஒருத்தர் சொன்னார், படகுத்துறையில ஏறினா எதிர்க்கரைக்குப் போயிட்டு வரலாமாம். நிறைய பேர் போறாங்களாம்.”

“யாரு, உள்ளூர்க்காரங்களா?”

“கேட்கலை” என்றாள். “செருப்பைப் போடுங்க.”

படகு நடுவில் நன்றாக ஆடியது. இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கயிறு இல்லாமல் இது எப்படிப் போகிறது என்று படகுக்காரரிடம் விசாரித்தார். மனைவி காற்றுக்குத் தலையை மூடிக்கொண்டு, எதிர்க்கரையில் இறங்கினால் சாப்பிட எங்கே போகலாம் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.