துணியில் பட்டால் போகிற மை

திருப்பதியில் அந்தப் பேனாக் கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடமே செங்கமலத்துக்கு மூச்சு நின்றுவிடும் போலாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மைப்பேனா படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, தங்க நிற முள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் நான்காயிரத்து எண்ணூறு என்று போட்டிருந்தது. நாற்பத்தெட்டைத்தான் யாரோ தூக்கக் கலக்கத்தில் இப்படி எழுதித் தொலைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே நான்காயிரத்து எண்ணூறுதான்.

"அண்ணா, இது எழுதறதுக்கா, இல்ல கழுத்துல மாட்டிக்கினு கல்யாணத்துக்குப் போறதுக்கா?"

கடைக்காரர் ஆதிநாராயணன் சிரித்தார். செங்கமலத்தின் புருஷன் பச்சையப்பன் சிரிக்கவில்லை. ஒரு காலைக் கடைக்குள்ளும் ஒரு காலை வாசல்படியிலும் வைத்துக்கொண்டு நின்றவர், "வா போலாம். பால்பென்னுல எழுதனா ராமரு வாங்கிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரா?" என்றார்.

ராமர் விஷயம் இதுதான். நகரியில் இவர்களுக்குச் சொந்தமாக இரண்டு பவர்லூம் தறி. வீட்டின் முன்பக்கம் தறி, பின்பக்கம் குடித்தனம். போன கார்த்திகையில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பச்சையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி செங்கமலம் வேண்டிக்கொண்டாள். இந்த மனுஷனைப் பிழைக்க வைத்துவிட்டால் ஒரு லட்சம் தரம் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன். வருஷம் திரும்பி டாக்டர் மறுபடி இவர் நெஞ்சைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால், நோட்டுகளைத் திருப்பதி ராமர் கோயிலில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன். சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராமருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லட்சம் என்பது வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. இருநூறு பக்க நோட்டு, பக்கத்துக்கு நூறு நாமம், அப்படி ஐந்து நோட்டு. முதல் நோட்டைப் பால்பாயிண்டில் முடிப்பதற்குள் அவள் கட்டைவிரல் வீங்கிப் போயிற்று. முப்பது வருஷமாக அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டே தேய்ந்த விரல் அது. அதைப் போய் அழுத்து அழுத்து என்றால் அதுதான் என்ன செய்யும்? மைப்பேனா என்றால் அழுத்தவே வேண்டாம், தாளில் தொட்டாலே எழுதும் என்று மருந்துக் கடைப் பெண் சொன்னாள். எட்டாவது வரை படித்தவள்தான் என்றாலும் செங்கமலம் மைப்பேனாவை டீச்சர் கையில் பார்த்ததோடு சரி. ஆகவே பச்சையப்பனுக்கு மாத்திரை வாங்க வந்த கையோடு இந்தக் கடை.

"தினமும் எழுதணுமா அம்மா?" என்று கேட்டார் ஆதிநாராயணன்.

"தினம் மூணு பக்கம். ஒரு நாளும் தப்பாது."

"அப்ப அந்தத் தங்கத்த விடுங்க. அது பீரோல பூட்டி வெக்கறவங்களுக்கு." அவர் நான்கு பேனாக்களை எடுத்து மேஜைமேல் வைத்து, எழுதிப் பார்க்க ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார்.

செங்கமலம் முதல் பேனாவை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்ரீராமஜெயம் என்று எழுதினாள். பட்டையான முள், மை ஊறிப் பின்பக்கம் இறங்கியது. "நோட்டுத்தாளுக்கு இது தாங்காது" என்று சொல்லிக்கொண்டே ஆதிநாராயணன் தாளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"ஐயையோ! இன்னாண்ணா இது, ராமர இட்டுக்கினு போயி குப்பைல போடறியே!"

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கமலம் யாரையும் பார்க்காமல் தொட்டிக்குள் கையை விட்டு அந்தத் தாளை எடுத்து, நீவிவிட்டு, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். ஆதிநாராயணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த தாளை இரண்டு கையாலும் நீட்டினார். அதில் வேறு ஏதாவது எழுத வேண்டுமே என்று யோசித்து, அவள் பச்சையப்பன் என்று எழுதினாள். வாயால் சொல்லாத பெயர்தான், எழுதினால் பாவமில்லை.

எட்டிப் பார்த்த பச்சையப்பன் திடுக்கிட்டுப் போனார். "அடிப்பாவி! ராமரு குப்பைக்கு ஆவாது, நான் ஆவேனா?"

"நீதான் சாமி இல்ல பூதம் இல்லன்னு சொல்றவனாச்சே. உனுக்கு இன்னாயா?"

இரண்டாவது பேனா இரும்பு, கையில் கனத்தது. மூன்றாவது வழுக்கியது. நான்காவதுதான் மனசுக்குப் பிடித்தது. காற்றைப் போல எடையே இல்லாத பிளாஸ்டிக் பேனா. விரல் உட்காரும் இடம் மூன்று பட்டையாக இருந்தது. முள் ஊசியாக எழுதியது. உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது. நூற்றறுபது ரூபாய். கட்டைவிரலுக்கு வலிக்கிறதா என்று பத்து வரி எழுதிப் பார்த்தாள். வலிக்கவில்லை. அவளால் அதை நம்பவே முடியவில்லை.

அடுத்தது மை. அதுவரை வாசலில் நின்றவர் அப்போதுதான் இரண்டு காலையும் உள்ளே வைத்தார்.

"இதுல துணில பட்டா போற மை எதுங்க?" என்று கேட்டார் பச்சையப்பன்.

நெசவுக்காரன் வேறு என்ன கேட்பான்? அவர்கள் ஓட்டுவது வெள்ளைத் துணி. தறிக்கும் அவள் எழுதும் இடத்துக்கும் நடுவில் நாலு அடி. ஒரு பொட்டுக் கறை பட்டாலும் துணி எடுக்க வரும் மேஸ்திரி முழுப் பீஸையும் சுருட்டி முகத்தில் எறிவான். ஒரு வார உழைப்பு மண்ணாய்ப் போகும்.

ஆதிநாராயணன் இரண்டு பாட்டில்களை வைத்தார். "இது பட்டுதுன்னா ஜென்மத்துக்கும் போகாது. இது ஸ்கூல் பசங்க மை. தண்ணில நனைச்சா போதும், பட்ட அடையாளமே தெரியாது."

"அப்ப அதான் குடுங்க. அந்த மொத பாட்டில கண்ணுலயே காட்டாதீங்க."

"ஆமாண்ணா, அதான் வோணும்" என்றாள் செங்கமலம்.

அந்த மேஜையைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவரும் வயசும் புத்தியும் உள்ளவர்கள். துணியில் பட்டால் போகிற மை தாளில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. எழுதியதை எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக பஸ் ஏறிவிட்டார்கள்.

பேனா என்னவோ சொன்ன சொல் தவறவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் மூன்று பக்கம் போவதே தெரியாது. வீக்கம் வடிந்தது. ஆடியில் ஒருநாள் நிஜமாகவே ஒரு சொட்டு தெறித்துத் தறியில் இருந்த துணிமேல் விழுந்தது. பச்சையப்பன் ஈரத்துணியால் இரண்டு தரம் ஒற்றினார். கறை இருந்த இடமே தெரியவில்லை. "பாத்தியா? நான் சொல்லி வாங்கனது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் எழுதும்போதெல்லாம், "இன்னிக்கு ராமரு எத்தினி கஜம் ஆச்சு?" என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அவள் சிரிப்பாள்.

ஐப்பசி கடைசியில் ஐந்தாவது நோட்டின் கடைசி வரி முடிந்தது. கார்த்திகையில் டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தது. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. அதற்கு முன்னால் கோயில். ஐந்து நோட்டையும் தன் தறியில் நெய்த புதுத் துணியில் சுற்றி, முனையில் மஞ்சள் தடவி, துணிப் பைக்குள் வைத்தாள் செங்கமலம். மேகமூட்டமாக இருக்கிறதே என்று பச்சையப்பன் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். "போய்யா. ராமர பிளாஸ்டிக்ல போட்டுக் கட்டுவாங்களா?" என்று தள்ளிவிட்டாள்.

புத்தூர் தாண்டும்வரை தூறல்கூட இல்லை. திருப்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியதும் வானம் பிளந்துகொண்டது. ஓரத்து சீட். முன்னும் போக வழியில்லை, பின்னும் வர வழியில்லை. முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது ஆட்டோ. மழை பக்கவாட்டில் அடித்தது. செங்கமலம் பையை மடியில் வைத்துக் குனிந்து தன் உடம்பால் மூடிக்கொண்டாள். முதுகு நனைந்தது, தலை நனைந்தது, மடி நனைந்தது. நல்ல பருத்தித் துணி, தண்ணீரைக் குடிக்கத் தெரிந்த துணி. அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருந்தது.

கோயில் மண்டபத்தில் ஒரு பெஞ்சு போட்டு, நாமம் எழுதிய நோட்டுகளை வாங்கி வைக்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். செங்கமலம் பையை இறக்கி, துணியை அவிழ்த்தாள். மேலே இருந்தது முதல் நோட்டு. ஓரமெல்லாம் ஊறியிருந்தாலும் பால்பாயிண்ட் எழுத்து அப்படி அப்படியே நின்றது. அந்த அம்மாள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். பிறகு நோட்டின் நடுவில் பிரித்தாள்.

"இந்துலோ ஏமீ லேதே அம்மா!" என்றாள் தெலுங்கில்.

ஒன்றுமில்லையா? செங்கமலம் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லைதான். தாள் முழுக்க வெளுத்த நீலம். எழுத்து இல்லை, வரி இல்லை, ராமர் இல்லை. மூன்றாவது நோட்டைத் திறந்தாள். நான்காவதைத் திறந்தாள். ஐந்தாவதைத் தூக்கியபோது அதிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டி மண்டபத்துக் கல்லில் விழுந்தது. வேறு யாருடைய நோட்டோ மாறி வந்துவிட்டது என்றுகூட ஒரு நிமிடம் நம்பிப் பார்த்தாள். அட்டையில் அவள் போட்ட பிள்ளையார் சுழி மட்டும் லேசாகத் தெரிந்தது.

அந்த அம்மாள் நல்லவள். "அழாதம்மா. வேற நோட்டு வாங்கி மெதுவா எழுதிக்கினு வா" என்று தமிழில் சொன்னாள். செங்கமலம் அழவேயில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லாமல் திரும்பிப் புருஷனைத் தேடினாள். இந்நேரம் அவர் ஏதாவது கிண்டல் பேசியிருக்க வேண்டுமே என்று அப்போதுதான் உறைத்தது.

பச்சையப்பன் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாயா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. எத்தினி பூட்சு?"

"எம்பதாயிரம்."

"டாக்டர் கிட்ட இன்னிக்கு வாணாம். போன் பண்ணிச் சொல்லிடலாம். நீ மொதல்ல எழுதி முடிச்சிடு. நானும் கூட உக்காந்து எழுதறேன்."

செங்கமலத்துக்கு நோட்டைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. முப்பது வருஷம் கோயில் வாசலிலேயே செருப்புக்குக் காவல் இருந்த மனுஷன்! விபூதி பூசினால் துடைத்துக்கொள்ளும் மனுஷன்!

"நீ இதெல்லாம் நம்ப மாட்டியேய்யா?"

"நான் நம்பல. நீ எழுதிக்கினு இருந்தே இல்ல... அதான் பயமில்லாம இருந்தேன். அந்த மைய நான்தான வாங்கச் சொன்னேன்."

போன வருஷம் டாக்டர் சொன்னது அவள் காதில் கேட்டது. இந்த நாளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறது, பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் வேண்டுதலோ நோட்டு சேர்ந்த பிறகுதான் டாக்டர் என்றது. ஒன்று அவள் காதால் கேட்டது, ஒன்று அவள் வாயால் சொன்னது. எது பெரிது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. சன்னதியைப் பார்த்தாள். திரை போட்டிருந்தது.

"எந்திரிய்யா" என்றாள்.

"நான் வரல."

"எழுதனது எழுதனதுதான். நான் எழுதறப்பவே ராமரு ஒவ்வொண்ணா படிச்சிட்டாரு. நோட்டு சொம்மா நமக்கு ஒரு அடையாளத்துக்கு."

"நெஜமாவா?"

"நெஜமா. எனுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. ராமர் சன்னதியில், ராமர் பெயரால், நெஞ்சறிந்து பொய் சொல்கிறோம் என்ற நினைப்பில் அவள் உள்ளங்கால் சில்லிட்டது. ஆனால் பச்சையப்பன் சின்னப் பிள்ளை போலத் தலையாட்டிவிட்டு எழுந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவளோடு ஒட்டி நடக்காதவர், ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

மூன்றடித்துப் பத்து நிமிடத்துக்கு நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். பச்சையப்பன் எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"ராமரு படிச்சிட்டாரு இல்ல?"

"எம்பதாயிரமும் படிச்சிட்டாரு. நீ போய்யா உள்ள."

கதவு மூடியது. பக்கத்து நாற்காலிக்காரி பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கும் அளவுக்கு, அதற்குப் பிறகுதான் செங்கமலம் அழுதாள்.