உப்பில்லாத களிமண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாளியிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் டார்பிஷர் பகுதியில் எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை, தண்ணீருக்கு நன்றியாக ஊற்றுக்குப் பூ அலங்காரம் வைப்போம். பெரிய மரப்பலகையில் களிமண்ணை அப்பி, அதன்மேல் இதழ் இதழாக ஒட்டிப் படம் செய்வோம். மண் காய்ந்து வெடிக்காமலிருக்க உப்புப் போட்டுத்தான் பிசைவோம். இந்த வருஷம், எப்போதும் படம் செய்கிற மேவிஸ் கிராட்டன் ஒரு வாளி மண்ணைத் தனியாகப் பிசைந்தாள். ஏன் என்று அப்போதே கேட்டிருந்தால் கதை எழுதியிருக்க மாட்டேன்.

2

முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: "பனி விலகாத பச்சைப் பள்ளத்தாக்கிலே, தேவதை போல…" (வேண்டாம். மேவிஸ் படித்தால் என்னையும் மண்ணோடு சேர்த்துப் பிசைந்துவிடுவாள்.)

நேராகவே சொல்கிறேன். ஊருக்குப் பக்கத்துக் கல்குவாரி ஆழமாகத் தோண்டி, இரவும் பகலும் தண்ணீரை இறைத்தது. ஊற்று வற்றியது. தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள் குவாரிக்காரர்கள். விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருவதும் அவர்கள்தான். எனக்கு வயிறெரிகிறது.

"தண்ணியே இல்ல, பூ எதுக்கு மேவிஸ்? இந்த வருஷம் விட்டுடலாம்," என்றார் விழாக் குழுத் தலைவர் கிளிஃப் ஆல்சப்.

"செத்தவங்களுக்குப் பூ வைக்கிறதில்லையா? போப்பா, போய்ப் பலகைய ஆத்துல ஊறப் போடு."

3

கிளிஃபை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் மகனுக்குக் குவாரியில்தான் வேலை.

மேவிஸ் ஊற்றையே படமாகச் செய்தாள். மழை வழிந்தோடும்படி, ஓடு வேய்வதுபோல், கீழிருந்து மேலாக இதழ்களை அடுக்கினாள். தண்ணீர் இருக்கவேண்டிய நடுவிடத்தில் மட்டும் தன் வாளி மண்ணை அப்பி, பூவே வைக்காமல் விட்டாள். பாதிரியார் ஊற்றை ஆசீர்வதிக்க வரும் காலையில் அது பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"உப்புப் போட மறந்துட்டியா?" கிளிஃப் பலகையருகே ஓடி வந்தார்.

"மறக்கல. வேணும்னேதான் போடல."

"அடிப்பாவி! குவாரி மேனேஜர் முன்வரிசைல உக்காந்திருக்கான். என் பையன் பொழப்புல மண்ணப் போடுறியே!"

"உன் பையனுக்கு ஞானஸ்நானம் குடுத்தது இந்தத் தண்ணிலதான், கிளிஃப்."

4

மழை கொட்டி ஊற்று பொங்கியது என்று ஒரு முடிவு எழுதினேன். பொய். மேனேஜர் கண்கலங்கினார் என்று இன்னொன்று. அதைவிடப் பெரிய பொய். பாதிரியார் மட்டும் துணிந்து… (அவரும் அந்தப் பந்தலின் கீழ்தான் நிற்கிறார்.)

எனவே முடிவு என்னிடம் இல்லை. இசைக்குழு ஊத ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணியால் ஒரு தடவு தடவினால் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். கிளிஃப் துணியை எடுத்தார். வெடிப்புவரை கொண்டுபோனார், தடவவில்லை. பக்கத்தில் நிற்கும் உங்களிடம் நீட்டுகிறார். ஆம், உங்களிடம்தான். இவ்வளவு தூரம் படித்துவிட்டு நழுவினால் எப்படி?

மேவிஸ் விலகி வழிவிடுகிறாள்.

"தடவுறதுன்னா தடவு கண்ணு. ஆனா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தடவு."