கடல் கடந்த கைதட்டல்

ஹில்மியிடம் ஒரு சீடிப் பெட்டி இருந்தது. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து ரொக் இசைக்குழு ஒன்றின் ஆறு சீடிகளைத் தடித்த அட்டைக்குள் ஒன்றாகப் போட்டு விற்ற பெட்டி அது. மூன்று, ஸ்டூடியோவில் பதிந்தவை. மூன்று, மேடையில் சனத்துக்கு முன்னால் பாடும்போதே பதிந்தவை. கல்பிட்டியில் விடுதி நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர், ஸ்பீக்கர் திருத்திக் கொடுத்ததற்காகத் தந்துவிட்டுப் போனது. அந்தப் பாட்டுகளில் ஒரு சொல்லும் ஹில்மிக்கு விளங்காது. விளங்கி என்ன ஆகப் போகிறது? மூன்று கிட்டார் சேர்ந்து ஓடுகிற ஓட்டம் போதாதா?

அதிலும் ஸ்டூடியோ சீடிகளை அவன் தொடுவதே குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு பாடுவதும் ஒரு பாட்டா? மேடைச் சீடிதான் சீடி. பாட்டு முடிகிற இடத்தில் பல்லாயிரம் பேர் எழும்பித் தட்டுவார்கள், விசிலடிப்பார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்த இரைச்சல் கரகரக்காமல் வந்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கல்யாண வீடோ, விளையாட்டுப் போட்டியோ, தலவிலத் தேவாலயத் திருநாளோ, எங்கே சவுண்ட் செட் கட்டினாலும் முதலில் அந்தக் கைதட்டலைத்தான் போட்டுப் பார்ப்பான். ஊரே அறிந்த விஷயம் அது. ஸஜீதும் அறிந்திருந்தான், நாசமாய்ப் போனவன்.

ஸஜீத் யாரென்றால், கொழும்பிலிருந்து வருகிற ஓர் அரசியல்வாதியின் உள்ளூர்க் கையாள். அந்த ஐயா, ஊர் கரைவலை இழுக்கிற கடற்கரையை ஒரு ஹோட்டல் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கக் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றார். ஊர்ச்சனம் சம்மதம் என்று மேலிடத்துக்குக் காட்ட ஒரு கூட்டமும் ஒரு வீடியோவும் அவருக்குத் தேவைப்பட்டன. கூட்டத்துக்குச் சவுண்ட் போட ஹில்மியைப் பேசினார்கள்.

போன தடவை இப்படியொரு கூட்டத்தில் கூக்குரல் போட்டு ஏழு பேர் பொலிஸ், கோர்ட் என்று அலைந்தது போதும் என்று ஊருக்கு ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு கூடிக் கதைத்தார்கள். போவோம், இருப்போம், வாயைத் திறக்க மாட்டோம், கையைத் தட்ட மாட்டோம். மடியில் கையை வைத்துக்கொண்டு உம்மென்று இருக்கிற சனத்தை வீடியோ எடுத்து எவனுக்குக் காட்டுவான்? தலவிலப் பக்கத்துச் சம்மாட்டி, வலை முதலாளி பஸ்தியானும் தன் வலைக்காரரோடு வந்து, நாங்களும் அப்படியே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹில்மியின் மனைவி நபீலாவின் வாப்பாவும் கூடப்பிறந்த நானாமாரும் அந்தக் கரையில் வலை இழுத்துத்தான் சோறு தின்றவர்கள்.

"சவுண்ட் போடுறது உங்கட தொழில். அத நான் வேணாமெண்டு சொல்லல்ல," என்றாள் அவள். "ஆனா கைய மட்டும் தட்டிப் போடாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றான் ஹில்மி.

கூட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வந்தார்கள். நபீலா முன்வரிசையில் இருந்தாள். ஐயா வேலைவாய்ப்பு என்றார், காப்பெட் ரோடு என்றார், குரலை உயர்த்தி நிறுத்திவிட்டுச் சனத்தைப் பார்த்தார். ஒரு சத்தமில்லை. கடல் இரைவது மட்டும் கேட்டது. ஐயா கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மிக்ஸருக்குப் பின்னால் இருந்த ஹில்மிக்கு வயிறு குளிர்ந்தது. அப்படித்தான், நல்லா வேணும்!

ஸஜீத் குனிந்தபடி ஓடி வந்தான்.

"நானா, அந்தக் கைதட்டலப் போடுங்க."

"எந்தக் கைதட்டல்?"

"நடிக்காதீங்க. நீங்க டெஸ்ட்டுக்குப் போடுற வெள்ளைக்காரன்ட கைதட்டல்."

"சனம் தட்டல்லையே, தம்பி."

"தட்டினா உங்கள்ட்ட ஏன் வாறன்? இந்தப் பக்கத்தில இனி ஒரு மேடையிலயாவது உங்கட ஸ்பீக்கர் பொக்ஸ் ஏறணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

ஹில்மி போட்டான். சீ, போட்டே விட்டான்! விரல் தானாக நகர்ந்தது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விரல் எங்கே தானாக நகரும்? எங்கோ அமெரிக்காவில், கிட்டாருக்காக எழும்பி நின்று தட்டிய சனம், வாயை மூடிக்கொண்டிருந்த நூற்றைம்பது பேரின் தலைக்கு மேலால் ஆரவாரித்தது. வீடியோக்காரன் பின்னால் நின்று மேடையையும் சனத்தின் பிடரிகளையும் மாறி மாறி எடுத்தான். அதைவிட அருவருப்பு ஐயாவைப் பார்க்கத்தான். ஒருவரும் தட்டவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. தெரிந்துகொண்டே கையைக் கூப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, போதும் போதும் என்று கையமர்த்தினார் அந்த வெட்கங்கெட்டவர்.

இரண்டாம் தடவை ஸஜீத் வாயைக்கூடத் திறக்கவில்லை. தூரத்தில் நின்று விரலைத் தூக்கினான். ஹில்மி நாய்க்குட்டி மாதிரிக் கீழ்ப்படிந்தான். ஒரு வாலும் இருந்திருந்தால் ஆட்டியிருப்பான். நபீலா திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் திரும்பவே இல்லை.

"அப்ப, இந்தத் திட்டத்துக்கு உங்கட எல்லாருடைய சம்மதமும் இரிக்கிதானே?" என்று ஐயா கேட்டார். ஸஜீதின் விரல் உயர்ந்தது.

ஹில்மி கைதட்டலைப் போட்டான். போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைக்க வேண்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மேடைச் சீடியில் கைதட்டல் முடிந்தால் என்ன வரும்? அடுத்த பாட்டுத்தான் வரும். டிரம் இடித்தது, பாடகன் இங்கிலீஷில் ஏதோ கத்தினான், மூன்று கிட்டாரும் ஒன்றாகப் பாய்ந்தன. ஐயா மைக்கைப் பிடித்தபடி வாயை வாயைத் திறந்தார், ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பஸ்தியான்தான் முதலில் சிரித்தார். பிறகு நூற்றைம்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸஜீத் வந்து வயரைப் பிடுங்கி, "இனி இந்தப் பக்கம் வந்து பாருங்க!" என்று உறுமினான். போடா, நீயும் உன் மேடையும் என்று ஹில்மி செட்டைக் கழற்றி லொறியில் ஏற்றினான். வழியெல்லாம் பெடியன்மார் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நபீலா கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ வந்துவிட்டது. நாலு நிமிஷம். பிடரிகள், ஐயாவின் சிரிப்பு, இடி இடித்த மாதிரிக் கைதட்டல். ஊரே ஒருமனதாகச் சம்மதம் என்று கீழே எழுதியிருந்தது. எங்கெங்கோ இருந்தவர்கள் ஊருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"நான்தானே மூணாவது தடவ அவன்ட மானத்த வாங்கினன்," என்றான் ஹில்மி. "அதப் பாத்தீங்களா?"

"அது இதுல இல்ல. வெட்டிட்டாங்க."

அவள் ஓரிடத்தில் வீடியோவை நிறுத்தி, போனை அவன் பக்கம் திருப்பினாள். முன்வரிசை. பக்கவாட்டில் நபீலாவின் முகம், கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாமல். விரலால் மறுபடி ஓடவிட்டாள். பல்லாயிரம் பேர் தட்டினார்கள்.

"பாருங்க," என்றாள். "நான் கை தட்டுறன்."