ரோஸ் கட்டிலில் படுத்து எடுத்த போட்டோ

மஸ்கட்டுக்குக் கூலி வேலைக்குப் போக இன்னும் எட்டு நாள் இருக்கையில், தன் மனைவி ரோஸின் போட்டோ ஒன்று வேண்டும் என்று சிலுவைக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது என்ன, ஆறு மாதமாக உள்ளே கிடந்து அரித்ததுதான். தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கிரேக்கக் கப்பல் ஒன்றில் மூட்டை இறக்கியபோது, தண்ணீர் கேட்டு ஒரு மாலுமியின் அறைக்குள் போயிருந்தான். சுவரில் அந்த மாலுமியின் மனைவி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, முடியை அவிழ்த்துப் போட்டு, முழங்கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள். போர்வை கழுத்து வரை இருந்தது. ஆனாலும் சிலுவை தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

அவனிடம் இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதில் அவனும் ரோஸும் மண்ணெண்ணெய் வரிசையில் இடையில் புகுந்து பிடிபட்டவர்கள் மாதிரி நிற்பார்கள். இரண்டு வருஷம் அந்த மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டு வெயிலில் கிடக்க அவனால் ஆகாது.

ரோஸ் மூன்று நாள் பிடி கொடுக்கவில்லை. நாலாம் நாள் மீன் அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு படந்தான். நல்லா வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. இன்னொருக்கப் படுன்னு சொன்னிய, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அந்தப் படத்த உங்களத் தவிர ஒரு குருவி பாக்கக் கூடாது."

தன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த ஆறுமுகநயினார் அண்ணாச்சியிடமே சிலுவை போனான். முத்தையாபுரம் வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. சங்கதியைக் காதோடு காதாகச் சொன்னதும் அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார்.

"படுத்த நெலையில எம்புட்டோ பேர எடுத்திருக்கேன்டே. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு குறை சொன்னதில்ல" என்றார்.

சிலுவைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் ஏன் குறை சொல்லவில்லை என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டுத் தெருவே உறங்கும் நேரத்தில் அண்ணாச்சி வந்தார். தோளில் மூன்றுகால் ஸ்டாண்டு, அக்குளில் கறுப்புத் துணி. வாசலில் செருப்பைக் கழற்றினார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்கன வச்சிருக்கு?"

"எத அண்ணாச்சி?"

"தங்கச்சியத்தான்."

கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. ரோஸ் நீலச் சேலை கட்டி, முடியை அவிழ்த்து, வெட்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அண்ணாச்சிக்கு வேலையில் கலை முக்கியம். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும் என்று ஜன்னலை முழுக்கத் திறந்தார். ரோஸை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். கை இரண்டையும் நெஞ்சில் சேர்த்து வைக்கச் சொன்னார். கால் பெருவிரல்களை ஒட்டி வைக்கச் சொன்னார். கொஞ்சம் புகை சுற்றினால் படத்துக்கு ஓர் ஆழம் வரும் என்று, பையிலிருந்து ஊதுபத்தி எடுத்துத் தலைமாட்டில் கொளுத்தினார். அதே பையிலிருந்து ஒரு மாலையும் வந்தது. சிலுவை அதை வாங்கித் திரும்பப் பைக்குள்ளேயே திணித்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கிரேக்கக்காரி சிரிச்சால்லா."

"படுத்துக்கிட்டா?" என்று அண்ணாச்சி நம்பாமல் கேட்டார்.

முப்பது வருஷமாக அவர் வீடு தேடிப் போய், படுத்தவரைப் படம் எடுத்ததெல்லாம் சாவு வீட்டில்தான் என்பது அப்போதுதான் சிலுவைக்கு உறைத்தது.

தெருவுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. போட்டோக்காரர் ஸ்டாண்டோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம். எதிர்வீட்டு முத்துக்கனி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவிழ்ந்த முடி, நெஞ்சில் கை, தலைமாட்டில் புகை. வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழாயடிச் சண்டையில் அவளுக்கும் ரோஸுக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. அவள்தான் நாலு பெண்களைக் கூட்டிவந்து, ஜன்னலடியில் நின்று, மாரில் அடித்து முதல் ராகம் எடுத்தாள்.

"கொடத்தத் தள்ளிவிட்டு உன்ன வஞ்சேனே, என் ராசாத்தி... காயப்போட்ட கருவாட்டக் கோழி திங்கலியே, நான்தான எடுத்தேன், என் ராசாத்தி..."

சிலுவை ஜன்னலை மூட ஓடினான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த அண்ணாச்சிக்கோ, அழுகைச் சத்தம் கேட்டதும் தான் பழகிய இடத்துக்கு வந்து சேர்ந்த தெம்பு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, முகம் தெரியட்டும் என்று துணிக்குள்ளிருந்தே சொன்னார். ரோஸ் சம்மதித்த ஒரே படமும் பிணக்கோலத்தில் போகப் போகிறது என்று சிலுவை பாதியிலேயே நின்று, வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினான். துணிக்குள் இருப்பவருக்கு அது எங்கே தெரியும்.

அசையக் கூடாது என்று கிடந்த ரோஸின் உதடு முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. சட்டென்று ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, முடி கட்டிலுக்கு வெளியே சரிய, அவள் சிரித்துவிட்டாள்.

"ஏளா முத்துக்கனி, அப்பம் அந்தக் கோழி மேல தப்பில்லையா?"

டக்கென்று சத்தம் கேட்டது. படம் விழுந்துவிட்டது. முத்துக்கனியும் விழுந்தாள். மற்ற நாலு பேரும் அவளைத் தாண்டி ஓடினார்கள்.

புதன்கிழமை படம் வந்தது. கிரேக்கக்காரி பிச்சை வாங்க வேண்டும், அப்படி ஒரு சிரிப்பு. ஆனால் பின்னால் ஜன்னலில் ஐந்து பெண்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். போதாததற்கு, கை பழக்கத்தில் அண்ணாச்சி படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்டிருந்தார். ஒரு குருவி பார்க்கக் கூடாது என்றவள், அதைப் பார்த்து இன்னொரு முறை சிரித்துவிட்டுப் பேசாமல் அவன் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தாள்.

மஸ்கட்டில் ஒரே கொட்டகையில் பதினாறு பேர். முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது, பக்கத்துக் கட்டில் விளாத்திகுளத்துக்காரன் சிவனாண்டி எட்டிப் பார்த்தான். கறுப்புக் கரையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்களிடமும் சொல்லிவைத்திருப்பான் போலிருக்கிறது. சிலுவை பெட்டியைத் திறந்தால் பதினைந்து பேரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை கறி ஆக்கினால், சிவனாண்டி தன் பங்கில் ஒரு நல்ல துண்டை எடுத்துச் சிலுவை தட்டில் வைத்துவிட்டு, தோளைத் தட்டிப் போவான்.

சிலுவை தலையைக் குனிந்தபடி தின்றுவிடுவான்.