கொழுப்பு என்றுதானே சொன்னார்

எங்கள் வீட்டில் கொழுப்பு என்ற சொல் எனக்கென்றே ஒதுக்கப்பட்டது. பதில் பேசினால் கொழுப்பு, பேசாமல் எழுந்து போனால் அதைவிடக் கொழுப்பு. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று என் நாத்தனார், "இவளுக்கு உடம்பு பூரா கொழுப்பு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதனால் என் வலது தொடையில் ஒரு கட்டி வந்தபோது குடும்பத்துக்கு வந்தது கவலை இல்லை. சொன்னது பலித்துவிட்ட திருப்தி.

கட்டியைப் பார்த்தவர் நாத்தனாரின் கணவர். டாக்டர். காய்ச்சலோ கல்யாணமோ கார் வாங்குவதோ, எங்கள் குடும்பத்தில் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். வாசல் பலகையில் அவர் பெயரைவிட அவர் படிப்பு பெரிதாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில், டிவியில் ஓடிய ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, துணிக்கு மேலாக இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கொழுப்புக் கட்டி," என்றார். "வலிக்குதா?"

"இல்லண்ணா."

"அப்ப பயமே வேணாம். வலிச்சாத்தான் யோசிக்கணும்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சிந்தியது. "நானும் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன். இப்பத்தான் வெளியில தெரியுது." என் கணவரும் சிரித்தார். அவர் அக்கா சிரித்தால் சிரிப்பார், அத்தான் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்பார். வளர்ப்பு அப்படி.

கட்டி வளர்ந்தது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் என் வலது காலை நம்பித்தான் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். அந்தக் காலை அழுத்தும்போதெல்லாம் தொடைக்குள், தசைக்கும் அடியில், ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவில் இருந்தது ஆரஞ்சுப்பழம் ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். கொலை செய்யப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இத்தனை கலவரம் இருந்திருக்காது.

"வீட்டுக்குள்ளயே டாக்டரை வச்சுக்கிட்டு வெளியில போய் ஸ்கேன் எடுக்கப் போறாளாம்," என்று நாத்தனார் சுவரிடம் சொன்னார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

"அத்தான் மனசு கஷ்டப்படும்," என்றார் என் கணவர். "கட்டியை அவரே எடுத்து விடறேன்னு சொல்றார். பத்து நிமிஷ வேலை. எதுக்கு வீண் சண்டை?"

அத்தானின் மனசு எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாமான். நடக்கும்போதுகூடப் பார்த்து நடக்க வேண்டும். என் தொடையைப் பற்றி அப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அலுத்துப் போய்ச் சரி என்றேன்.

கிளினிக்கின் உள்ளறையில் ஸ்பிரிட் வாடை. மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர், கிரீச்சிடும் மின்விசிறி, மேஜைக்கடியில் மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் வாளி. டாக்டர் பேனாவால் என் தொடையில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"குறுக்கால வெட்டினா மடிப்போட மடிப்பா மறைஞ்சிடும். தழும்பே தெரியாது," என்றார். அவருக்கு அழகுணர்ச்சி அதிகம்.

"எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புவீங்கள்லண்ணா?"

"கொழுப்பைப் போய் டெஸ்டுக்கு அனுப்பினா லேப்ல என்னைப் பார்த்துச் சிரிப்பாங்கம்மா."

யாரோ சிரித்துவிடக் கூடாது என்பதற்காக என் சதை அந்த வாளிக்குப் போகப் போகிறது. எழுந்து உட்கார்ந்து துணியைச் சரிசெய்தேன். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பெருந்தன்மையாக மன்னித்திருப்பார். "எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்லண்ணா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கொழுப்புதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசியால் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனை. அந்த ஊசியையும் எங்கே குத்துவது என்று படத்தைப் பார்த்து யோசித்துத்தான் குத்தச் சொன்னார். முதல் நாளே, தொடையில் அழியாமல் கிடந்த பேனாக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது யார் போட்டது?"

"சொந்தக்காரர். டாக்டர்."

கூட வந்திருந்த என் கணவர் தொண்டையைக் கனைத்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தே பேசினார். "கேன்சர்னா நுரையீரல், மார்பு, குடல்னு உறுப்புலதான் வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அந்த உறுப்பையெல்லாம் தாங்கிப் பிடிக்கிற தசை, கொழுப்பு, எலும்பு, குருத்தெலும்பு, இதுகள்லயும் வரும். சார்க்கோமான்னு பேரு. அபூர்வமா வர்றதால யாரும் சந்தேகப்படறதில்ல. ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. ஆழத்துல இருந்தாலோ, பெரிசாகிட்டே போனாலோ, முதல்ல படம், அப்புறம் ஊசி, அதுக்கப்புறம்தான் கத்தி."

"இதை வெட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

"கட்டியை உடைச்சு உள்ள பூரா பரப்பிவிட்ட மாதிரி ஆயிருக்கும். கீறினது குறுக்காலன்னா, கத்தி பட்ட இடத்தையெல்லாம் சேர்த்து எடுக்கணும். சில பேருக்குக் காலே போயிருக்கு."

என் கணவர் இதை முழுதாகக் கேட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்.

முடிவு வந்தது. லைப்போசார்க்கோமா. கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாத்தனார் வீட்டிலோ அன்று கிட்டத்தட்டக் கொண்டாட்டம்.

"பார்த்தியா, அவர் அப்பவே கொழுப்புன்னுதானே சொன்னார்," என்றார் நாத்தனார் என் கணவரிடம் போனில். "ரிப்போர்ட்லயும் அதேதானே போட்டிருக்கு."

கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிறகு கட்டியை அதைச் சுற்றியிருந்த நல்ல தசையோடு சேர்த்து எடுத்தார்கள். கால் மிஞ்சியது. பிரேக் போட முடிகிறது, படி ஏறும்போதுதான் யாரையாவது திட்டிக்கொண்டே ஏறுகிறேன். ஆனால் குடும்பத்தின் கணக்கு வேறு. அவர் பத்து நிமிடத்தில் எடுத்திருப்பார், இவள் திமிரில் எழுந்து வந்தாள், கட்டி கோபித்துக்கொண்டு கேன்சர் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கூடத்தில் இதே பேச்சு. டாக்டர் மறுத்து ஒரு வார்த்தை சொல்வதில்லை, பெருந்தன்மையாக டிவி பார்ப்பார். எல்லாம் தெரிந்த என் கணவரும் வாயைத் திறப்பதில்லை. கட்டி எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. இது வலித்தது.

போன வாரம் செக்கப்புக்குப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். கடைசி நாற்காலியில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கள் டாக்டர். பக்கத்தில் அவருடைய காலேஜ் படிக்கும் மகள். அவள்தான் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

"கையில ஒரு கட்டி அத்தை. வலிக்கவேயில்ல. அப்பாதான் உடனே ஸ்கேன் எடுக்கணும்னு இழுத்துட்டு வந்துட்டார்."

"கொழுப்பாத்தான் இருக்கும்," என்றேன்.

"பார்க்காம எப்படிம்மா சொல்றது?" என்றார் டாக்டர்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். இந்த மனிதருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. என் தொடையில் படித்த பாடத்தைத் தன் மகளுக்குப் பயன்படுத்துகிறார். வீட்டில் மட்டும் நான் திமிரால் வியாதியை வரவழைத்துக்கொண்டவள்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அதுவா இருக்குமா அத்தை?"

"பெரும்பாலும் இருக்காதுடா. முக்கால்வாசிக் கட்டி சும்மா கட்டிதான். பார்த்துட்டா நிம்மதி, அவ்வளவுதான்." அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "வீட்ல சொல்லிக்க வேணாம்மா," என்றார் மெதுவாக. "உங்க அண்ணி வேற மாதிரி எடுத்துக்குவா."

"நான் சொல்லலண்ணா. நீங்களே சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கும்போது, என் விஷயத்துல தப்பு பண்ணேன்னு ஒரு தடவை சொல்லிடுங்க."

குரலை நான் தாழ்த்திக்கொள்ளவில்லை. மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்னப்பா தப்பு?"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரே சொல்லட்டும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.