கீழ அமுக்கு

இந்தக் காலத்தில் ஒருவனுக்கும் காது கிடையாது. போன்தான் இருக்கிறது. நீங்கள் வாயைத் திறந்து ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருப்பவன் கட்டைவிரலால் கண்ணாடியைத் தேய்த்து, அது பொய் என்று கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்து என்ன செய்தான்? ஒரு மண்ணும் செய்யவில்லை. அடுத்த பொய்யைத் தேய்க்கப் போய்விட்டான். முன்பெல்லாம் ஒருவன் புளுகினால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்பார்கள். இப்போது "ஆதாரம்?" என்று கேட்கிறார்கள்.

கப்பல்காரருக்கு இது வயிற்றெரிச்சல். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை அவருடைய அறை வாசலில் வந்து நின்று, "மாமா, நம்ம பசங்க வர்றாங்க. நீங்க பழையபடி வாள் கேம் கதை சொல்லணும்னு ஆசைப்படறாங்க" என்றபோது அவர் உடனே எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை இவ்வளவு குழைந்து பேசினால் எங்கேயோ பள்ளம் வெட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"எதுக்கு?"

"சும்மா ஆசைதான் மாமா. உங்களை மாதிரி யாரு சொல்லுவா?"

பள்ளம்தான். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்கு இருந்த மரியாதையே அந்த ஒரு கதைதான். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில், அது குலுங்கும்போதெல்லாம் கட்டிலும் சேர்ந்து குலுங்க, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கும் மனிதரை யார் மதிக்கப் போகிறார்கள்? ஆனால் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வந்தால் மட்டும் "கப்பல் மாமா எங்க?" என்று கேட்பார்கள். நாற்காலி போடுவார்கள். அதை விட்டுக்கொடுக்க முடியுமா?

கப்பல் என்றால் நிஜக் கப்பல். வாலிபத்தில் சரக்குக் கப்பல் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தவர். கரை ஏறி ஒரு வீடியோ கேம் கடை போட்டார். நீளமான ஒற்றை அறை. சுவரோரம் வரிசையாக டிவிகள், முன்னால் பலகைகள், பள்ளிக்கூடம் விட்டால் வியர்வை நாற்றம். எத்தனையோ கேசட் வந்தது, போனது. வாள் கேம் மட்டும் போகவில்லை. ஜப்பானில் செய்த சரக்கு. திரையில் எழுத்து வந்தால் எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு பயலுக்கும் புரியாது. "கப்பல்ல அந்த ஊர்க்காரனோடதான் நான் குடித்தனமே நடத்தினேன். அந்த எழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அவர் ஒரு நாள் சொல்லிவைத்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்த வேலை. பையன்கள் பட்டனை அமுக்குவார்கள், இன்றைய மாப்பிள்ளையும் அதில் ஒருவன், பின்னால் நின்று இவர் படித்துக் காட்டுவார்.

படிப்பதாவது! சொந்த மொழியிலேயே பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். எல்லாம் வாய்க்கு வந்ததுதான். பொம்மை தலையை ஆட்டினால் ஒரு கதை, முழங்காலிட்டால் ஒரு கதை.

ஹாலில் எல்லாம் தயாராக இருந்தது. புது டிவியில் இந்த ஆட்டம் சவம் மாதிரி வெளுத்துத் தெரிகிறதென்று மாப்பிள்ளை பின்பக்கம் புடைத்த பழைய டிவி ஒன்றை எங்கிருந்தோ தூக்கி வந்து வைத்திருந்தான். சோபாவில் இரண்டு பேர். ஒருவன் தடியன், கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவன். சின்ன வயதில் அவன் உட்கார்ந்து கடைப் பலகை ஒன்று முறிந்தது. இன்னொருவன் கண்ணாடி. அப்போதே சோடாபுட்டி, இப்போதும் சோடாபுட்டி. ஏதோ ஜப்பான் கம்பெனியில் வேலை என்று கேள்வி. அதைக் கேள்விப்பட்ட நாள் முதல் கப்பல்காரர் அவன் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

"வாங்க மாமா, சிம்மாசனம் காத்துக்கிட்டிருக்கு" என்றான் தடியன்.

"உனக்குப் போட்ட நாற்காலியா? அப்ப வேணாம், ஆடும்."

மகள் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை கேசட்டைச் செருகினான். இசை எழுந்ததும் அந்த மூன்று ஆம்பிளைகளும் பால் மணத்தைக் கண்ட பூனைக்குட்டிகள் போல ஆனார்கள். காதோரத்து நரை, தொப்பை, கடன், பெண்டாட்டி எல்லாம் எங்கேயோ போயிற்று. திரையில் கிழட்டு ராஜா கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் ஒரு மீசைக்காரன் தலையைக் குனிந்து நின்றான். எறும்பு எழுத்து ஊர்ந்தது.

"ம், சொல்லுங்க மாமா."

கப்பல்காரர் தொண்டையைச் செருமினார். "ராஜா சொல்றாரு: என் பிள்ளைக்கு என் முகத்தைக் குடுத்தேன், புத்தியைக் குடுக்க மறந்துட்டேன். மச்சான், நீதான் அவனைப் பாத்துக்கணும். மீசைக்காரன் அழுவுறான் பாரு. ராணிக்குக் கூடப் பொறந்தவன். அழுவுறது வாயி, சிரிக்கிறது வயிறு. மச்சான்காரன் கண்ணுல தண்ணி வந்தா சாவிக்கொத்து எங்கன்னு பாத்துக்கணும்டா."

தடியன் குலுங்கிச் சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ராஜகுமாரன் கோட்டையை விட்டு இறங்கினான், வழியில் வெள்ளை அங்கி போட்ட பெண் வந்து சேர்ந்தாள். கையை வைத்தால் காயம் ஆறிவிடும், அப்படி ஒரு பெண். இவர் சொல்லச் சொல்ல மூன்று பேரும் முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஜூஸ் அப்படியே இருந்தது. கப்பல்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. இனி எவன் ஆதாரம் கேட்டால் என்ன?

அப்போதுதான் மாப்பிள்ளை ஆட்டத்தை நிறுத்தினான். "போதும்டா. இப்ப உன்னோடதப் போடு."

கண்ணாடி பையிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்தான். மேலே பேப்பர் ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தது. "லீவு லீவா உட்கார்ந்து மொத்தத்தையும் தமிழ்ல மாத்திட்டேன் மாமா. ஒரு எழுத்து விடலை" என்றான். பணிவாகத்தான் சொன்னான். கத்தியைப் பணிவாக நீட்டினால் அது கரண்டி ஆகிவிடுமா?

அதே கட்டில். அதே ராஜா. மாப்பிள்ளை எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உரக்கப் படித்தான். "'வடக்குக் குகை இருட்டாக இருக்கும். மறக்காமல் தீப்பந்தம் வாங்கிக்கொள்.'"

தடியன் சோபாவில் சரிந்தான். "ஐயோ! சாகும்போது சொல்ற பேச்சா இது! மாமா, புத்தியைக் குடுக்க மறந்துட்டேன்னாரே, அது தீப்பந்தமா?"

"இரு, மச்சானைப் பாரு" என்றான் மாப்பிள்ளை. "'அரசே, சத்திரத்து வரி இன்னும் வந்து சேரவில்லை.' மச்சான் இல்ல மாமா. வரி வசூல் பண்றவன்!"

சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. கண்ணாடிகூட மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கப்பல்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் ஓடினான் என்பார்கள், உட்கார்ந்திருந்தால் இன்னும் சிரிப்பார்கள்.

"நீ தப்பாப் படிச்சிருப்ப" என்றார் கண்ணாடியிடம்.

"நான் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கேன் மாமா."

"பரீட்சையில அழுவுற ஆளைக் காட்டினானா?"

"மாமா, விடுங்க" என்றான் மாப்பிள்ளை. அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "இதெல்லாம் தமாஷ். நான் உங்களைக் கூப்பிட்டது பாலத்துக்கு."

பாலம் வந்தது. தொங்கு பாலம், அந்தப் பக்கம் எதிரிக் கூட்டம், வெள்ளை அங்கிப் பெண் நடுவில் நிற்கிறாள். அந்த இடத்தில் திரை ஒரு கேள்வி கேட்கும். மேலே ஒரு பதில், கீழே ஒரு பதில். எந்த டிவியில் பாலம் வந்தாலும் கப்பல்காரர் கடையின் எந்த மூலையிலிருந்தாவது "கீழ! கீழ அமுக்குடா!" என்று கத்துவார். கீழே அமுக்குவார்கள். பாலம் அறுந்து அந்தப் பெண் செத்துப்போவாள். பையன்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அவளை எப்படியாவது காப்பாற்றிவிடலாமென்று முதலிலிருந்து தொடங்குவார்கள். மறுபடியும் பாலம். மறுபடியும் "கீழ!"

மாப்பிள்ளை படிக்கவில்லை. "நீங்களே படிங்க மாமா. தமிழ்தானே."

அறையே அவரைப் பார்த்தது. அவர் கண்ணை இடுக்கினார். முதல் எழுத்தைப் பிடித்தார். "கு... கு..." வியர்த்தது. "ட்... டி. குட்டி."

நிறுத்தினார். குட்டி என்பது அவர் மகளைக் கூப்பிடும் செல்லப் பெயர்.

"இதை எவன் இதுல எழுதினான்?"

"நாங்கதான்" என்றான் தடியன், தரையைப் பார்த்து. "ஆட்டம் ஆரம்பிக்கும்போது அவளுக்கு நாமளே பேரு வெக்கலாம் மாமா. அப்பல்லாம் இங்கிலீஷ்ல வெப்போம்."

"எந்த ஆட்டத்துல?"

"எல்லார் ஆட்டத்துலயும்" என்றான் மாப்பிள்ளை. "கடையில இருந்த எல்லா டிவியிலயும் அதான் பேரு. உங்க கண்ணு முன்னாலயே. நீங்க படிச்சுக் காட்டிக்கிட்டே இருந்தீங்க, உங்க பொண்ணு பேரைத் தவிர." பிறகு, கணக்கு வாத்தியார் போல நிதானமாக, கேள்வியை வாசித்தான். "'குட்டியை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா?' மேல: 'அனுப்பலாம்.' கீழ: 'வேண்டாம், நம்மோடு வரட்டும்.' மேல அமுக்கியிருந்தா பொழைச்சிருப்பா மாமா. ஒரு பட்டன். படிக்கத் தெரியாத மனுஷன் பேச்சைக் கேட்டு எத்தனை தடவை கொன்னிருக்கோம் அவளை!"

படிக்கத் தெரியாத மனுஷன். சொல்லிவிட்டான். துணி துவைக்கும் இயந்திரத்துப் பக்கத்து அறைக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதையும் போயிற்று.

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"உனக்குத் தெரியுமா குட்டி?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்பா" என்றாள் அவள். "ஸ்கூல் விட்டு வந்து ஜாய்ஸ்டிக்கை எல்லாம் துடைச்சு வெக்கிறது நான்தானே. துடைச்சுக்கிட்டே பாப்பேன். இந்த டிவியில சாவேன். அந்த டிவியில சாவேன். நீங்க கீழ, கீழன்னு கத்துவீங்க."

மாப்பிள்ளை வேண்டுமென்றே பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு, மேலே அமுக்கினான்.

வெள்ளை அங்கிப் பெண் தலை வணங்கித் திரும்பி நடந்தாள். பாலம் அறுந்தது, வெறும் பாலம். மாப்பிள்ளை ஆட்டத்தை வேகமாக ஓட்டி அவளுடைய ஊருக்குப் போனான். ஒரு சத்திரம். மரப்பலகைக்குப் பின்னால் அவள் நின்றாள், அங்கிக்கு மேல் இடுப்பில் கட்டிய சமையல் துணி. பட்டனை அமுக்கினான். 'வாருங்கள். நன்றாக இருக்கிறீர்களா? படுக்கை தயார்.' இன்னொரு தரம் அமுக்கினான். 'வாருங்கள். நன்றாக இருக்கிறீர்களா? படுக்கை தயார்.'

"அப்புறம் என்ன சொல்லுவா?" என்றான் தடியன்.

"அவ்வளவுதான்" என்றான் கண்ணாடி. "கடைசி வரைக்கும் அதான் வசனம்."

மாப்பிள்ளை அமுக்கிக்கொண்டே இருந்தான். வாருங்கள். வாருங்கள். வாருங்கள்.

கப்பல்காரர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? கேசட் வந்த அன்னைக்கே மேல அமுக்கிப் பாத்தவன்டா நான். எழுத்துத் தெரிஞ்சாதானா? அவ கெளம்பிப் போறது கண்ணுக்குத் தெரியாதா? உப்புச் சப்பில்லாம இருந்துச்சு. பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் எவன் வருவான்? செத்ததாலதாண்டா வந்தீங்க. வயசான கழுதைங்களா, இன்னைக்கும் அதுக்குத்தானே வந்திருக்கீங்க. பொழைச்சிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பீங்க."

மகள்தான் கேட்டாள். "அது என் பேருன்னு தெரிஞ்சிருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

ஒரு பொய் போதும். வாழ்நாளெல்லாம் சரளமாக வந்த பொய்தான். ஆனால் படிக்கத் தெரியாத மனுஷன் என்ற அந்தப் பேச்சு நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கி யார் மேலாவது எறிய வேண்டியிருந்தது.

"அப்பவும் கீழதான்" என்றார். "கடை ஓட வேணாமா?"

மகள் தலையை ஆட்டினாள், தெரிந்த விடை வந்த மாதிரி. குடிக்காத ஜூஸ் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். திரையில் மரப்பலகைக்குப் பின்னால் நின்றவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அப்பா சொல்றதுதான் சரி" என்றாள். "இந்தப் பொழைப்புக்குப் பாலமே தேவலாம்." உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. தடியன் செருப்பைத் தேடினான், பிறகு தேடுவதை விட்டுவிட்டு, மெல்ல, "டேய், பாலத்துக்கு முன்னாடி சேவ் பண்ணி வெச்சிருக்கியா?" என்று கேட்டான். கண்ணாடி தலையசைத்தான். மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல் ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். பாலத்து இசை மறுபடி எழுந்தது.

கப்பல்காரர் எழுந்தார். யாரும் "உட்காருங்க மாமா" என்று சொல்லவில்லை. அறைப் பக்கம் போகாமல் கதவைத் திறந்து படிக்கட்டில் இறங்கினார். முதல் திருப்பத்தில் நின்றார். மேலே, மூடாத கதவு வழியாக, தடியன் குரல் கேட்டது. "கீழ... கீழ அமுக்குடா." பாலம் அறுகிற சத்தம்.

அவர் திரும்பிப் போகவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டே இருந்தார். சமையற்கட்டுக் குழாய்ச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்ட மாதிரி இருந்தது. அதை நினைக்க அவருக்கு இஷ்டமில்லை. மீசைக்காரனை நினைத்தார். வரி வசூலிக்கிறவனாம். பரீட்சை பாஸாம். வரி வராவிட்டால் எந்த வரிக்காரன் தலையைக் குனிந்து அழுதிருக்கிறான்? மற்றவனைத்தான் அழ வைப்பான். அந்தக் கண்ணாடிப் பயல் எழுத்தைப் படித்தானே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"மச்சான்தான்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். எதிரே போனில் தேய்த்துக்கொண்டு வந்தவன் ஒதுங்கி வழி விட்டான். அவர் நடந்தார்.