காலில் ஒரு பேனாக் கோடு

டாக்டர் பத்மஜா வேகமாக வருவதைப் பார்த்ததுமே உமாமகேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்தாச்சும்மா. இவர் கால்ல இருக்கற கிருமி வழக்கமான மருந்து எதுக்கும் சாகலை. ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் அடங்கறது. இப்பவே போடறோம்."

"அப்ப காலை எடுக்காண்டாமா, டாக்டரம்மா?"

"நாளைக்குக் காலம்பற தெரிஞ்சுடும்."

அவள் புருஷன் தங்கபாண்டிக்குத் தாராவியில் இட்லி வியாபாரம். அந்தச் சந்து இட்லிக்காரர்கள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மிச்சம் அடுத்துப் படுப்பவருக்கு. ஒரு நாள் போகாவிட்டால் வாடிக்கை கைமாறிவிடும் என்ற பயம். கொதிக்கிற சாம்பார் கொட்டிக் கணுக்கால் புண்ணானபோது, தங்கபாண்டியும் யாரோ வைத்திருந்த மிச்சத்தை விழுங்கிவிட்டு மாட்டுங்காவுக்கு இட்லி விற்க ஓடினான். வீக்கம் வற்றியது, நிறுத்தினான். மறுபடி வீங்கியது, வேறொருவர் மிச்சத்தை விழுங்கினான். கடைசியில் முழங்கால்வரை சிவந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான்.

ஊசி போட்டானதும், டாக்டர் சிவப்பு முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். "இதைத் தாண்டினா உடனே கூப்பிடுங்கோ."

உமாமகேஸ்வரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என் மூஞ்சியையும் கொஞ்சம் பாரு."

"மூஞ்சியை யாரு வெட்டப் போறா? சும்மா கெடங்க."

விடிந்தது. போர்வையை விலக்கினாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் பழைய நிறத்தில் இருந்தது. கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் நர்ஸிடம் ஓடினாள்.

டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இறங்கறது. காலை எடுக்க வேண்டாம்."

தங்கபாண்டி உடனே எழுந்து உட்கார்ந்தான். "அப்ப நான் நாளைக்கே யாவாரத்துக்குப் போயிருவேன்."

"இந்த ஊசியை முழுசாப் போட்டு முடிக்கணும். பாதியில நிறுத்தினா சாகாத கிருமி திரும்பக் கிளம்பும். அப்புறம் இந்த ஊசிக்கும் அடங்காமப் போகலாம். அதுக்கு மேல எங்கிட்ட வேற மருந்து இல்லை."

"இல்ல டாக்டரம்மா, மாட்டுங்காவுல ரெகுலர் கஸ்டமரு..."

"கஸ்டமரு ஒங்க இட்லியைத் தேடுவான். ஒங்க காலையா தேடுவான்?" என்றாள் உமாமகேஸ்வரி. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

தங்கபாண்டி தன் காலைப் பார்த்தான். விரல்களை மெல்ல அசைத்தான், எல்லாம் அசைந்தன. அடுத்த ஊசியோடு நர்ஸ் வந்தபோது அவனே கையை நீட்டினான்.

உமாமகேஸ்வரி அதற்குள் சந்துக்குப் போன் போட்டுவிட்டாள். "அண்ணாச்சி, காலு தப்பிச்சிட்டு! ஆனா மருந்து முடியுற வரைக்கும் இவுகளை எதிர்பாக்காதீக. மாட்டுங்கா லைனை நான் பாத்துக்கிடுதேன்."